காலில் கட்டிய வாச்

ராஜதாஸ் மாஸ்டருக்குக் கொழுப்பு அதிகம் என்பது கிருபாபாய்க்குக் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துபோன விஷயம். அதைக் கண்டுபிடிக்கத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வேண்டியிருந்தது. "இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்னதுதான். இப்போ படமாட்டு எடுத்துத் தந்திருக்கு, அவ்வளவுதான்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிப் பார்த்தாள். ராஜதாஸ் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் இந்தக் கொழுப்பு ஈரலில் இருந்தது. அந்த ஈரலில் பாதியை அறுத்து அவருடைய தங்கச்சி லீலாபாய்க்கு வைக்கவேண்டியிருந்தது. காரோட்டில் கட்டிக்கொடுத்த லீலாபாயின் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இப்போது பேருக்குத்தான் இருந்தது. அவள் வீட்டுக்காரன் அனிலுக்கு ரத்த வகை சேரவில்லை. மகளுக்கு வயது போதாது. சேர்ந்தது அண்ணனுக்கு மட்டும். கொழுப்பேறிய ஈரலை எடுத்தால் கொடுக்கிறவருக்கு ஆபத்து, வாங்குகிறவருக்கும் பிரயோசனமில்லை என்று டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். எட்டுக் கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், கிறிஸ்துமஸ் கழிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுப்போம், அதற்குமேல் உங்கள் தங்கையால் காத்திருக்க முடியாது. தினம் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும். அடியை எண்ணுகிற வாச் ஒன்று வாங்கிக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கும் ராஜதாஸுக்கும் அதிகப் பழக்கம் கிடையாது. உதியன்குளங்கரையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். பாதி நாள் காரில் உட்கார்ந்திருப்பார். மீதி நாள், கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் மைதானத்தில் லைசென்ஸ் டெஸ்டுக்காகக் கம்பி நட்டு, அந்த எழுத்து மாதிரிக் காரை வளைத்து 'எச்' போட்டுப் பழகும்போது, மாமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலமானால் அவர் சபையின் கொயர் மாஸ்டர். அப்போதுதான் எழுந்து நிற்பார்.

நெய்யாற்றின்கரையில் வாச் வாங்கினார்கள். இடது கையில் கல்யாண வாச் இருந்தது, அதை அவர் கழற்றமாட்டார். அதனால் புதுசு வலது கைக்குப் போயிற்று. பிற்பாடு நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் இந்த ஒரு சமாசாரம்தான்.

காலையில் மாஸ்டர் நடந்தார். குறை சொல்லக்கூடாது, ஜங்ஷன்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். சீனியில்லாத சாயா குடித்தார். சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பிராக்டிஸ் ஆரம்பமாகியிருந்தது. ஒவ்வொரு நாளும் பிராக்டிஸ் முடிகிற நேரத்துக்கு வாச் நடுங்கி, பத்தாயிரம் ஆயிற்று என்று வெளிச்சம் போட்டு வாழ்த்துச் சொல்லும். மாஸ்டர் கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டுவார். வீட்டுக்கு வந்து, இவ்வளவு நடந்த மனுஷனுக்கு இது கூடவா இல்லை என்று மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்புமாக உட்கார்ந்துவிடுவார்.

பெண்களில் தாழ்ந்த குரல் பாடுகிறவர்களின் வரிசையில், அவருடைய வலது கைக்கு நேர் எதிரே நிற்கிறவள் கிருபாபாய். முதல் வாரத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். மாஸ்டர் தாளத்துக்குக் கையை மேலும் கீழும் வீச வீச, வாச்சில் எண் ஓடிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. வேகப் பாட்டு என்றால் எண்ணுக்கும் வேகம். நாலு பாட்டுப் பாடினால் மாஸ்டர் நின்ற நிலையில் பாறசாலைவரை போய் வந்துவிடுவார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அது துரோகம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. லீலாபாய் அவளுக்கு முறைக்கு மட்டும் நாத்தனார் அல்ல. கிருபாபாயின் ஒரே பிரசவம் கஷ்டமாகிக் குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துக் கூடவே கிடந்தவள் அவள்தான். ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. அங்கெல்லாம் ஈரலைக் கரள் என்றுதான் சொல்வார்கள். மனசுக்குப் பிடித்தவர்களைக் கூப்பிடுவதற்கும் அதே சொல். கல்யாணமான புதுசில் ராஜதாஸும், யாரும் கேட்காத இடமாகப் பார்த்து, அவளைக் கரளே என்று கூப்பிட்டதுண்டு. பாலராமபுரத்தில் அவள் வேலை பார்க்கிற சேலைக் கடையில், ஒரு நாள் ஜரிகைக் கரை போட்ட கசவுத் துணியை அளந்து கத்தரிக்கும்போது கத்தரிக்கோல் போன சத்தத்தைக் கேட்டு அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எடை குறையவில்லை என்றால் டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர் முழுசாக வீட்டில் இருப்பார். இப்படி நினைத்துவிட்டு அன்றைக்கெல்லாம் அவளால் சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் எடை பார்க்கப் போனார்கள். ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருந்தது. டாக்டரம்மா வாச்சின் கணக்கை மொபைலில் பார்த்தார், ராஜதாஸின் வயிற்றைப் பார்த்தார், மறுபடி மொபைலைப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் இறங்கவில்லையா என்று கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வேறு சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று மெல்ல விசாரித்தார். யாரும் இல்லை.

திரும்பும்போது ராஜதாஸ் பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "நான் நடக்கத்தானே செய்தேன் கிருபா" என்றார். "எனக்க தங்கச்சிக்கு நான் குடுக்கப்பிடாதுண்ணு தெய்வம் நெனைக்கோ என்னமோ."

தெய்வத்தின் தலையில் போய் இந்தப் பழி விழும் என்று கிருபாபாய் எதிர்பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் காரோட்டுக்குப் போனார்கள். லீலாபாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண் மஞ்சளாகவும் கால் வீங்கியும் இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எடைக் கணக்கைச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்து வாச்சைத் தடவிப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் வருத்தப்படாத அண்ணா. நீ நடந்தது எனக்குத் தெரியும். மனுசன் கள்ளம் சொல்லுவான், இது சொல்லுமா?"

அவர் அனிலோடு பேச வெளியே போனதும் கிருபாபாயின் பக்கம் திரும்பினாள். "மைனி, நீங்க பேடிக்காண்டாம். உங்க எடத்துல நானா இருந்தாலும் எனக்கும் இதே பயமும் பேடியும் உண்டும். அண்ணன் தரல்லெண்ணா எனக்கு ஒரு பரிபவமும் வருத்தமும் இல்ல கேட்டியளா. மகளுக்க படிப்ப மட்டும் ரெண்டு பேரும் பாத்துக்கிடணும்."

கிருபாபாய் தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிராக்டிஸில் மாஸ்டர் கையை ஓங்கினார், பாட்டு எழுந்தது. ஒரு வரிகூட முடியவில்லை. கிருபாபாய் வரிசையைவிட்டு விலகி நேராக நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து வாச்சைக் கழற்றினாள். குனிந்து வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, கணுக்காலில் கட்டினாள். வார் கடைசித் துளைக்கு வந்தும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"இதுல உள்ள எண்ணப் பாத்துக்கிடுங்க. இப்போ பாடுங்க" என்றாள்.

"நீ என்னட்டீ செய்யுத?"

"ரெண்டு பாட்டுப் பாடுங்க. பிறகு பாருங்க."

பாடினார்கள். ஆண்கள் வரிசையில் ராபின்சன், "மாஸ்டருக்குக் கொலுசு நல்லாத்தான் இருக்கு, மத்தக் காலுக்கும் ஒண்ணு வேணும்" என்றான். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினார்கள். பாட்டு முடிந்ததும் மாஸ்டர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பாட ஆரம்பிக்கும்போது இருந்த எண் அப்படியே இருந்தது. அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குக் காரில் போகவில்லை. கால்வாய்க் கரை வழியாக இரண்டு பேரும் நடந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகுதான் அவர் கேட்டார்.

"எப்போ முதல் ஒனக்கு அறியாம்?"

"வாச்சு கட்டின முதல் ஆழ்ச்சையே கண்டேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"பேடிச்சு சொல்லல்ல. எறங்காம இருந்தா ஒங்கள அறுக்கமாட்டாங்கண்ணு நெனச்சேன். தப்புதான். என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்ல உரிமை இருந்தது. கொஞ்ச தூரம் மூச்சு வாங்க நடந்துவிட்டு, "கையாக்கும் வலிச்சது" என்றார்.

"என்னது?"

"ஒரு மாசமா எனக்குக் கை வலிக்கத்தான் செய்தது. கால் வலிக்கவே இல்ல. பத்தாயிரம் அடி நடந்தவனுக்குக் கால் வலிக்காதா? எனக்கும் உள்ள ஒரு சம்சயம் உண்டு. நான் நோண்டிப் பாக்கல்ல." நின்றார். "எனக்கும் பேடிதான் கிருபா."

அதைக் கேட்டதும் கிருபாபாய்க்கு அழுகை வந்தது. அழுகையோடு கூடவே இத்தனை நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லும் இறங்கியது. ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒரே கட்டிலில் படுத்துக்கிடந்திருக்கிறார்கள். என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் முதல் வாச் காலிலேயே இருந்தது, கிருபாபாய் கூடவே நடந்தாள். மரச்சீனி வீட்டுக்குள் வருவது நின்றது. மைதானத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவளே ஒரு நாள் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பிள்ளைகள் எச் போடும்போது மாஸ்டர் காருக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி கத்தினார். கார் ரிவர்ஸ் எடுத்தால் அவரும் ரிவர்ஸ் எடுத்தார். பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அந்த மாதம் பத்தாயிரம் ஆகாத நாட்களும் இருந்தன, ஆனால் கால் வலித்தது. ராத்திரி அவள் எண்ணெய் போட்டுத் தடவிவிட்டாள். வேட்டி இடுப்பில் நழுவ ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது, அது அவரைவிடப் பெரிய ஆளுக்குத் தைத்ததுபோல இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கிருபாபாய்க்குத் தான் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதில் அந்த நேரத்தில் ஒரு குழப்பமும் இல்லை. நல்லதாக இருக்கட்டும், சரி என்று சொல்லட்டும் என்று மட்டும்தான் கேட்டாள். டாக்டரம்மா திரும்பி, போதும், எடுக்கலாம் என்றார். ராஜதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. அந்தப் பகல் முழுக்கக் கிருபாபாயும் அனிலும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை உடுப்புப் போட்ட ஒருத்தர் வந்து, அண்ணன் நலம் என்றார். வெகு நேரம் கழித்து வந்து, தங்கையும் நலம் என்றார். வைத்த ஈரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். கிருபாபாய் கான்டீனுக்குப் போய் ஒரு பழம்பொரி வாங்கி நின்றுகொண்டே தின்றாள். பிறகு இன்னொன்றும் வாங்கினாள். கடைக்காரர் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, சூடு என்றாள்.

மாஸ்டர் பதினைந்து நாளைக்குள் வீட்டுக்கு வந்தார். லீலாபாய்க்கு ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மருந்தும் பரிசோதனையும் இனி ஆயுசுக்கும் உண்டு, அது வேறு. ஆனால் கண்ணில் மஞ்சள் போய்விட்டது.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு இரண்டு குடும்பமும் வந்திருந்தது. லீலாபாய் முகத்தில் மாஸ்க்கோடு இரண்டாவது பெஞ்சில் அனிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மாஸ்டர் கொயருக்கு முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. வயிற்றுத் தழும்பு இழுப்பதால் அவருக்கு இன்னும் குனியத் தயக்கம். கிருபாபாய் வரிசையிலிருந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். வாச்சைக் கழற்றினாள். இப்போது வார் நாலு துளை உள்ளே தள்ளி மாட்டியிருந்தது. எழுந்து அவருடைய வலது கையில் கட்டினாள்.

"இது கள்ளம் சொல்லும் கேட்டியா" என்றார் அவர் காதோடு.

"சொல்லட்டு. இனி எத்தற வேணும்னாலும் சொல்லட்டு."

அவர் லீலாபாய் இருந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு, கொயர் முழுக்க எதிரே நிற்கிறது என்கிற வெட்கம்கூட இல்லாமல், "போய் நில்லு கரளே" என்றார்.

ராபின்சன் இருமினான். கிருபாபாய் முகம் சிவக்கத் தன் இடத்துக்குப் போய் நின்றாள். மாஸ்டர் கையை ஓங்கினார். கடைசிப் பாட்டு முடிகிறதற்குள், பொழுது விடிந்து இன்னும் சபையைவிட்டு ஒரு அடி வெளியே வைக்காத மனுஷனுக்கு, வாச் நடுங்கி வெளிச்சம் போட்டு வாழ்த்துச் சொன்னது. பெஞ்சிலிருந்து லீலாபாய் மாஸ்க்குக்குள் சிரிப்பது கிருபாபாய்க்கு நன்றாகக் கேட்டது.