முக்காட்டுக்கு ஒரு முதுகுப்பை

முக்காடு மலையேற்றச் சாமான்களும் விற்கும் அந்தப் பைக்கடைக்குள் நுழைந்தபோது இரண்டு கைகளிலும் தலா ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. தோளில் முக்காலி ஸ்டாண்டு தொங்கியது. வீடு காலி செய்கிறவர் யாரோ வழி தவறி உள்ளே வந்துவிட்டார் என்றுதான் கடைக்காரப் பெண் முதலில் நினைத்தாள்.

முக்காடு என்பது அலுவலகம் வைத்த பெயர். மனிதர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்டுக்குள் 'எட்டுப் பேர், இத்தனை கிலோ' என்று ஒரு தகடு இருக்குமே, உலகத்தில் யாரும் படிக்காத அந்தத் தகட்டைப் படிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். ஒரு விடுமுறை நாளில் இவர் தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டிக்குப் பின்னால் அரை மணி நேரம் குனிந்தே நின்றதைச் சக ஊழியர் ஒருவர் பார்த்துத் தொலைத்தார். மறுநாள் மதியத்துக்குள் மேலதிகாரியே "எங்கப்பா நம்ம முக்காடு?" என்று கேட்கும் அளவுக்குப் பெயர் பரவிவிட்டது.

பெட்டி என்று அவர்கள் சொன்னது கேமராவை. எட்டுக்குப் பத்து அங்குலம். ஒவ்வொரு பிலிமும் பள்ளிக்கூட நோட்டு அளவு இருக்கும். மற்றவர்கள் ஃபோனில் ஆயிரம் படம் எடுத்து, அதில் தொள்ளாயிரத்தை அழித்துவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்தில் இதில் ஒரு படம் எடுக்கலாம். அதுவும் மேகம் ஒத்துழைத்தால்.

"சொல்லுங்க சார், பையில என்ன வெக்கப் போறீங்க?"

"கேமரா."

அவள் கைப்பை அளவில் ஒன்றைக் காட்டினாள். அவர் கூடையிலிருந்து கேமராவைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மேசை முனகியது.

"சார், இது கேமராவா, தையல் மிஷினா?"

"கேமராதான்."

"இதைத் தூக்கிட்டுப் போக எத்தனை பேர் வேணும்?"

"ரெண்டு," என்றார். பிறகு "ஒண்ணு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத இடமாகப் பார்த்துத் துடைத்தார்.

கடைக்காரப் பெண் மலையேறுகிறவள். முட்டியில் தழும்பு, பேச்சில் எகத்தாளம், இரண்டுக்கும் பஞ்சமில்லை. கடைசியில் இரண்டு பைகளை எடுத்து வைத்தாள். ஒன்று நீலம், நாற்பது லிட்டர். கேமரா, இரண்டு லென்ஸ், கறுப்புத் துணி மூன்றும் அளவெடுத்துத் தைத்தாற்போல் அதில் உட்கார்ந்தன. ஆனால் வெளிச்சம் படாமல் பிலிமை அடைத்து வைக்கும் ஐந்து ஹோல்டர்களும், ஸ்டாண்டும், தண்ணீரும், சாப்பாடும் மேசைமேல் அனாதையாக நின்றன. இன்னொன்று சாம்பல் நிறம், எண்பத்தைந்து லிட்டர். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல சார். பெரிசுதான்."

"நீலம் நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. மிச்சத்தையெல்லாம் யார் தூக்குவா?"

"ஆள் இருக்கு," என்றார் முக்காடு.

ஆள் இருந்தது வாஸ்தவம். ஐந்து மாதம் முன்புவரை.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரில் பாதிப் பேரின் முதுகு அவள் கைக்கு அத்துப்படி. அவர்களைத் தெருவில் பார்த்தால் முகம் ஞாபகம் வராது, திரும்பி நடந்தால் வந்துவிடும். பதினோரு வருடம் இருவருமாகத்தான் போனார்கள். அவர் முதுகில் கேமரா, அவள் முதுகில் பிலிமும் சாப்பாடும். ஸ்டாண்டை மாற்றி மாற்றித் தூக்குவதாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தப்படி மேட்டில் அவளும், இறக்கத்தில் அவரும் தூக்குவார்கள்.

இடம் வந்ததும் அவளுக்கு இன்னொரு வேலை. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் உருவம் மங்கலாக விழும். இருட்டுப் பாறையை வைத்து ஃபோகஸ் பார்ப்பதற்குள் கண் பூத்துப்போகும். அதனால் அவள் போய்ப் பாறைக்குப் பக்கத்தில் நிற்பாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியின் சட்டம் தெளிந்தால் பாறையும் தெளிந்த கணக்கு. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," "தலையை ஆட்டாத," "சிரிக்காத, கண்ணாடி ஆடுது." எல்லாம் தெளிந்ததும் துணிக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வரும்.

"சரி, நகரு."

அவள் நகர்வாள். அவர் படம் எடுப்பார்.

போன வருடம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மாட்டுவதற்கு ஊழியர்கள் எல்லோரிடமும் அவரவருடைய நல்ல படம் ஒன்று கேட்டார்கள். 'நமக்கென்ன, வீட்டிலேயே ஆள் இருக்கிறார்' என்று அவள் பெட்டிகளைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். பாறை, ஏரி, இடிந்த பாலம், பட்டமரம், மறுபடி பாறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஜலதோஷம்.

"இது ஒவ்வொண்ணுலயும் நான் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவரிடம். சண்டை போடுகிற குரலே இல்லை. "உனக்குத் தெரியுமா?"

லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை நைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அன்றைக்குச் சொன்ன பதில், "அந்தப் பாலம் கொஞ்சம் ஓவர் எக்ஸ்போஸ், வெளுத்துப்போச்சு." சில மாதங்கள் கழித்து அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். போகும்போது பிலிம் ஹோல்டர்களைத் தூசி தட்டி, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்துத்தான் திரும்பி வருவாள் என்று அவர் நம்பினார். கோபமாகப் போகிறவள் எதற்குத் தூசி தட்டுகிறாள்? ஐந்து மாதமாக இந்த ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு தனக்குத்தானே வழக்காடிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றாள் கடைக்காரப் பெண். "அரை மணி நேரமா நீலத்தைத் தடவிட்டே இருக்கீங்க. அது நாய்க்குட்டி இல்ல. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுதான். முக்காடு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, கூடாரங்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் ஃபோன் செய்தார்.

"சொல்லுங்க."

முன்பெல்லாம் "என்னப்பா" என்று எடுப்பாள். 'சொல்லுங்க' என்பது நோயாளிகளுக்கு வைத்திருக்கிற சொல். அடுத்த கேள்வி 'எங்க வலிக்குது?' என்றுதான் வரும்.

"பைக்கடையில நிக்கறேன். ஒரு சந்தேகம்."

"ம்."

"ரெண்டு பை பாத்திருக்கேன். சின்னதுல கேமரா மட்டும் கச்சிதமா போகுது. பெரிசுல எல்லாமே போகும். எதை எடுக்கலாம்?"

"மொத்தம் எவ்வளவு வெயிட்?"

"பதினெட்டு கிலோ. தராசுல போட்டுப் பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

மூக்கால் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு முக்காடு மேலே ஏறினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஏரிக்கு மேல இருக்கற பாறைக்குப் போகலாம்னு இருக்கேன். நீயும் வந்தேன்னா சின்னதே போதும்."

அந்தப் பக்கம் யாரோ உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்கும் சத்தம், கிறீச், கிறீச் என்று.

"நான் வந்து என்ன பண்ணணும்?"

"பாறைகிட்ட நிக்கணும்."

"ஃபோகஸுக்கா?"

"ஃபோகஸுக்கும்தான்." எதிரில் மடித்துக் கட்டியிருந்த கூடாரத்தின் விளம்பரத்தில் நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. "இந்தத் தடவை நகரச் சொல்லமாட்டேன். நீ நில்லு. நின்னுட்டே இரு. எல்லா பிலிமும் உன்னை வெச்சே எடுக்கறேன். பாறை வரலேன்னாலும் பரவாயில்ல."

பதினோரு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான காதல் வசனம் அது. பாறையை விட்டுக்கொடுத்தது அவரைப் பொறுத்தவரை சொத்தையே எழுதி வைத்ததற்குச் சமம். அது அவளுக்கும் தெரியும். சைக்கிள் சத்தம் நின்றது. "இன்னும் அஞ்சு நிமிஷம் மிதிங்க," என்று அவள் யாரிடமோ சொன்னாள். மறுபடியும் கிறீச், கிறீச்.

"பெரிசையே வாங்கிக்கப்பா," என்றாள்.

அவர் கூடாரத்தின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இடுப்பு பெல்ட் இருக்கான்னு பாரு. பட்டையா, பஞ்சு வெச்சு இருக்கணும். வெயிட் தோள்ல தொங்கக்கூடாது, இடுப்புல உக்காரணும். உனக்கு இடது தோள் ஏற்கெனவே சரியில்ல."

"ம்."

"ஒரே மூச்சா ஏறாத. நடுநடுவுல இறக்கி வெச்சு உக்காந்துட்டுப் போ."

"ம்."

"வெச்சுடட்டுமா? ஆள் காத்துட்டிருக்காங்க."

"சரி," என்றார். ஐந்து மாதம் கழித்து 'ப்பா' திரும்பி வந்திருந்தது. எதற்கு வந்தது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து, "பெரிசு," என்றார். "பெல்ட் பஞ்சு வெச்சதா?"

"பாருங்க, வீட்ல கேட்டா எவ்வளவு சீக்கிரம் முடியுது!" கடைக்காரப் பெண் உற்சாகமாகப் பொருள்களை அடுக்க ஆரம்பித்தாள். கனமானது முதுகை ஒட்டி, ஹோல்டர்கள் நெட்டுக்குத்தலாக, ஸ்டாண்டு பக்கவாட்டில். எல்லாம் போன பிறகும் மேலே ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. அவள் பின்னால் வந்து பையைத் தூக்கிப் பிடித்தாள், அவர் கைகளை நுழைத்தார். தள்ளாடாமல் நின்றுவிட்டார்.

"வீட்டுலயும் இதே மாதிரி யாராவது பின்னாடி தூக்கிக் குடுத்தா போதும் சார்."

"யாரும் இல்ல."

அவள் பையை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள்.

"தனியா ஏத்திக்க ஒரு வழி இருக்கு. நானும் அப்படித்தான் ஏத்துவேன். கீழ உக்காருங்க."

முக்காடு கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். பையில் முதுகைச் சாய்த்துக் கைகளை நுழைத்து, இடுப்பு பெல்ட்டை மாட்டி இறுக்கினார். "இப்ப ஒருக்களிச்சுத் திரும்புங்க. முட்டி போடுங்க. ரெண்டு கையையும் தரையில ஊனுங்க. அவ்வளவுதான், பாதி வேலை முடிஞ்சுது." ஐம்பதை நெருங்கும் அரசு அதிகாரி ஒருவர் செருப்பு அலமாரிக்கும் கூடாரங்களுக்கும் நடுவே நாலு காலில் நின்றார். முதுகில் பதினெட்டு கிலோ. உட்கார வேண்டிய இடத்தில், இடுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. மனைவி சொன்னபடி எல்லாமே சரியாக இருந்தது.

அப்போதுதான் கண்ணாடியின் உள்பக்கம் நனைந்து, தரையில் ஒரு சொட்டு விழுந்தது. கையை எடுத்தால் சாய்ந்துவிடுவார், எடுக்காவிட்டால் துடைக்க முடியாது. இன்னொரு சொட்டு விழுந்தது.

செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னாச்சு, விழுந்துட்டாரா?" என்று எழுந்து வந்தார்.

"ஒண்ணுமில்ல, நீங்க உங்க சைஸைப் பாருங்க," என்று அவரை விரட்டிவிட்டுக் கடைக்காரப் பெண் முக்காட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தொடவில்லை. "அவசரமே இல்ல சார். கடை சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்து எந்தக் காலை முன்னாடி வெக்கணும்?"

"எதானாலும் சரி சார்."

எதானாலும் சரி என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். அப்படியே முட்டி போட்டபடி யோசித்துக்கொண்டிருந்தார்.