அழித்துவிட்ட இருபது

மஜுரோ தீவில் கோச் ஹெர்மோன் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம்தான்: வெள்ளிக்கிழமைக் கணக்கில் தேறாதவள் சனிக்கிழமை கூடைப்பந்தைத் தொடக்கூடாது. எட்டாம் வகுப்பில் இரண்டாம் வருஷமாக உட்கார்ந்திருந்த மெஜ்லீனாவுக்குப் பந்து இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை. இந்தச் சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் ஆடாவிட்டால் வீட்டோடு கிடந்து அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் அணியில் ஐந்து பேர் தாளிலும் ஒரே விடை. ஐந்தும் தப்பு.

"கூடையில விழுந்தது ஆறு, தவறினது இருபத்துநாலு. நூத்துக்கு எத்தனை விழுந்துச்சு?" ஹெர்மோன் தாள்களால் விசிறிக்கொண்டார். "அஞ்சு பேருக்கும் இருபத்தஞ்சாம்! யாரு போட்டது?"

"நான்தான் கோச்," என்றாள் லிபோன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். "கேட்டாங்க, குடுத்தேன்."

அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் கேட்டால் கொடுத்தாகவேண்டும். கொடுத்ததை வேண்டாம் என்பது அதைவிடக் கேவலம். மீனானாலும் சரி, கணக்கானாலும் சரி.

"அப்ப நாளைக்கு ஒருத்தியும் ஆட வேணாம்."

ஹெர்மோன் கடைசித் தாளை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருபதுன்னு போட்டு அழிச்சிருக்கே. யாரும்மா இது?"

"நான்தான்," என்றாள் மெஜ்லீனா.

"சரியா போட்டுட்டு ஏன் அழிச்சே?"

"நான் கேக்கல, லிபோன் தானா வந்து குடுத்தா கோச். ஏற்கெனவே போட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ஹெர்மோனே வேண்டாம் என்று சொல்ல முடியாமல் காலையில் மூன்று வீட்டில் சாப்பிட்ட மனுஷர். சுவரில் புதுக் கணக்கை எழுதினார்: விழுந்தது ஒன்பது, தவறியது இருபத்தேழு.

மெஜ்லீனா மூச்சு விடும் நேரத்தில் முடித்தாள். தாளைப் பார்த்த ஹெர்மோன் தலையாட்டினார்.

"இவ தேறிட்டா. மத்த நாலு பேரும் அஞ்சு மணிக்குள்ள போட்டுக் காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு இவளே பந்தை எறிஞ்சு இவளே பிடிக்கட்டும்." சிரிக்காமல் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் லிபோன் கை நீட்டினாள். "தாளைக் குடுடீ. எழுதிட்டுத் தர்றேன்."

மெஜ்லீனாவின் கை தானாகவே நீண்டது. பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. சொல்லும்போது காதெல்லாம் சுட்டது.

"தர மாட்டேன்."

"கஞ்சப் பிசினாறி!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அங்கே அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மெஜ்லீனாவுக்கு அழுகை முட்டியது. இருந்தும் தாளை நான்காக மடித்துக் காலுறைக்குள் சொருகிக்கொண்டாள்.

"திட்டிக்கோங்க. லிபோன், இப்படி உக்காரு. விழுந்ததும் தவறினதும் சேத்து மொத்தம் எத்தனை தடவ எறிஞ்சிருக்கு? அதை மட்டும் சொல்லு."

லிபோன் முறைத்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி முறைத்தாள். அப்புறம் பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முப்பத்தாறு," என்றாள்.