முப்பத்தொன்பதில் எது முதலில்

கண் ஆபரேஷன் முடிந்த மங்கலத்துக்கு டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: ஏழு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். உள்ளே விட்டிருக்கும் வாயுக் குமிழ்தான் விழித்திரையைப் பிடித்து நிறுத்துகிறது. நிமிர்ந்தால் குமிழ் நகரும், கண் போகும். தான் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் கரமனை ஆறே வழி தெரியாமல் நின்றுவிடும் என்று நினைக்கிறவள் அவள். முதல் நாளே இரண்டு முறை எழுந்துவிட்டாள்.

அவளைப் படுக்கவைக்கிற பொறுப்பு கணவர் சிவதாணுவுக்கு. அவரிடம் இருந்த ஒரே மருந்து, முப்பத்தொன்பது பாகம் கொண்ட ஒரு சிரிப்பு மாயக்கதை. மழையைக்கூட மனுப் போட்டு வாங்கும் ராஜ்யத்தின் கதை. செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தவர் என்பதால், முதல் தாளிலிருந்து வராத எதையும் நம்பமாட்டார். ஒன்றாம் பாகத்தில்தான் தொடங்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே திருவனந்தபுரத்தில் பாதிப் பேரை அந்தக் கதையிலிருந்து விரட்டியவர்.

மறுநாள் காலையும் ஒன்றாம் பாகத்தோடுதான் கட்டிலருகே உட்கார்ந்தார். ராஜ்யத்தின் எல்லைகளே நாற்பது பக்கம். சுவரிலிருந்த பல்லி தூங்கிக் கீழே விழுந்தது.

"கேட்டியளா, நான் எந்திரிக்கப் போறேன்."

"படுட்டி! கண்ணு போயிரும்."

"போனாப் போட்டும். இந்த எல்லையைக் கேக்கதுக்கு காதும் சேந்து போட்டும்."

சிவதாணு, அதே கதையில் ஊறிய லலிதாம்பாள் டீச்சருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பன்னெண்டாம் பாகத்துலேருந்து ஆரம்பியுங்கோன்னு இருபது வருஷமா கத்தறேன் சார். எடுத்த எடுப்புலயே சிரிப்பு."

"சிரிச்சா தலை ஆடுமே டீச்சரே!"

மறுமுனையில் டீச்சர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ இருபத்தாறு. யாரு என்னன்னு ஒண்ணும் புரியாது. அதுதான் உங்களுக்கு வேணும்."

இருபத்தாறைப் பிரித்தார். 'மூன்றாவது முறையும் ராணி அந்த ஆட்டின் மனுவை நிராகரித்தாள்.'

எழும்பிய மங்கலத்தின் தோள் பாதியில் நின்றது.

"எந்த ஆடு?"

முப்பத்தொன்பது பாகமும் அவருக்கு மனப்பாடம். சொல்லிவிட்டால் அவள் எழுந்துவிடுவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்பை ஒளித்தார்.

"பின்னால வரும்."

"மொதல் ரெண்டு தடவை ஏன் தள்ளினா?"

"அதுவும் வரும். படு."

முனகிக்கொண்டே வளையத் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். மத்தியானம் வரை அசையவில்லை. அப்புறம் திடீரென்று அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா? குனிந்தாலும் முகம் தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டார்.

"நோவுதா பிள்ளே?"

"ஏன் நிப்பாட்டினிய? ஆடு மனுவுல குளம்பு வச்சுதே, பெறவு?"

"சிரிக்கப்பிடாதுட்டி!"

"யாரு சிரிச்சா? பல்லைக் கடிச்சிட்டுல்லா கெடக்கேன்."

இன்னும் ஐந்து நாள் இருந்தது. சிவதாணு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டின் நான்காவது மனுவை மரண அறிவிப்பு வாசிக்கிற குரலில் தொடங்கினார்.