சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குலிசார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கத் திட்டம். படகில் யார் யார், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, ஆள் தண்ணீரில் விழுந்தால் யார் கயிறு வீசுவது. "நீங்கதான் எழுத்தாளராச்சே, நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க" என்றாள்.

எங்கள் ஆற்றின் பெயர் ஃபிர்த்தினா. துருக்கி மொழியில் புயல் என்று அர்த்தம். 'புயலில் பத்திரமாகப் போவது எப்படி' என்று தலைப்பு வைத்தேன். குலிசார் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக* இந்த ஆற்றில் ரப்பர் படகு ஓட்டுகிறவள். ஆற்றை வைத்து யார் என்ன வேடிக்கை பேசினாலும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

(* "பதினாறு" என்று ஓரத்தில் திருத்தியிருக்கிறாள். எல்லாப் பிரதியையும் அவள் படிக்கிறாள். நான் எழுதுவதன் லட்சணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.)

2

முதல் தொடக்கம்: 'மலைப்பனி உருகி இறங்கிய அந்த ஆறு, கட்டவிழ்ந்த குதிரையைப் போல'

(இங்கே நிறுத்திவிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றைக் குதிரை என்று எழுதாத ஆளே இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'ருஸ்தெமுக்குத் தண்ணீர் என்றால் பயம்.'

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ருஸ்தெமுக்கு ஐம்பத்தேழு வயது. மினிபஸ் நிலையத்தில் முப்பது வருடம் வண்டி புறப்படும் நேரம் குறித்தவர். கல்யாணத்துக்கு மட்டும் நேரம் குறிக்க மறந்துவிட்டார். இந்த வசந்தத்தில்தான் கீழூர்ப் பள்ளிக்கூடத்து நெரிமான் டீச்சரோடு பழக்கமானது. அவருக்கு ஐம்பத்திரண்டு. பேச்சுவாக்கில் ஒருநாள் டீச்சர் கேட்டிருக்கிறார்: "அட்டவணையில இல்லாத காரியம் ஏதாவது ஒண்ணு செஞ்சிருக்கீங்களா வாழ்க்கையில?"

யோசிக்காமல் பேசும் வழக்கம் ருஸ்தெமுக்குக் கிடையாது. அன்றைக்குப் பேசிவிட்டார்: "ஆத்து வழியா வந்து உங்களைப் பொண்ணு கேக்கறேன்."

காரில் போனால் பத்து நிமிடம்.

3

திட்டக் கூட்டம் ருஸ்தெமின் அக்கா சுல்பியேவின் சமையலறையில் நடந்தது.

"யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?" என்றாள் குலிசார்.

சுல்பியே அக்கா அடுப்பில் சோளமாவும் பாலாடைக்கட்டியும் நூலாக இழுபடுவதிலேயே கண்ணாக இருந்தார். ருஸ்தெம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. நான் மும்முரமாக எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

"சரி. ஒருத்தருக்கும் தெரியாது. எழுதிக்குங்க."

"நான் படகோட சேர்த்து என்னைக் கட்டிக்கறேனே," என்றார் அக்கா. "நல்ல கெட்டிச் சால்வை இருக்கு."

"படகு கவிழ்ந்தா அதுக்கு அடியில இருப்பீங்க அக்கா. யாரும் எதோடயும் கட்டிக்கக் கூடாது."

"கவிழுமா?" என்றார் ருஸ்தெம்.

"கவிழ்ந்தாலும் ஆள் பொழைக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு. விழுந்தா மல்லாந்து படுங்க, காலு தண்ணி போற பக்கம். எந்திரிச்சு மட்டும் நிக்காதீங்க, பாறைக்கு நடுவுல கால் சிக்கிக்கும். முதல்ல அமைதியான மடுவுல விழுந்து பழகணும்."

"பூங்கொத்து?"

"தண்ணி புகாத பையில."

"சாக்லேட் பெட்டி?"

"அதுவும் பையில."

"நான்?"

"நீங்க வெளியில அண்ணே."

கடைசியாக, பாலத்தூணில் தான் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். "தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சுன்னா போறதில்லை. மாப்பிள்ளை அழுதாலும் போறதில்லை."

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். திட்டம் நன்றாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் படிப்பார்கள்? திருட்டுத்தனமாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

'படகு பாறையில் மோதித் திரும்பியது. ருஸ்தெமைக் காணவில்லை. நுரைக்கு மேலே ஒரு கை மட்டும்'

குலிசார் படித்தாள். "இது என்ன?"

"கதைன்னா ஒரு ஆபத்து வேண்டாமா?"

"அப்ப நீங்க விழுங்க."

"நான் விழுந்துட்டா கதையை யார் சொல்றது?"

"பாத்தீங்களா, உங்க உசுருன்னதும் உடனே திட்டம் வருது" என்று சொல்லி, அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

5

குறித்த நாளுக்கு முந்தைய மூன்று நாளும் மழை. காலையில் நாங்கள் நால்வரும் பாலத்தடியில் நின்றோம். ருஸ்தெம் கழுத்துப்பட்டை கட்டி, அதன்மேல் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். ஹெல்மெட்டுக்கு அடியில் அவர் முகம் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

சிவப்புக் கோட்டைக் காணவில்லை. தண்ணீர் அதை மூடிக்கொண்டு ஓடியது.

"போறதில்லை," என்றாள் குலிசார்.

"ஒரு சாண்தான் ஏறியிருக்கும்," என்றார் அக்கா. "அங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்காடி!"

"இருக்கட்டும்."

ருஸ்தெம் பெருமூச்சு விட்டார். அதில் நிம்மதி இருந்தது என் காதிலேயே விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "பயந்துட்டேன்னு நினைப்பாங்க," என்றார் மெதுவாக.

"இன்னைக்கு எனக்கும்தான் பயம் அண்ணே. போங்க, அந்தப் பக்கம் தூக்குங்க."

படகைத் தலைகீழாகத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சாலையோரமாகவே நடந்தோம். நான்கு கிலோமீட்டர். கொட்டுகிற மழைக்கு அதைவிடப் பெரிய குடை கிடைக்காது. தேயிலைச் சரிவில் ஒதுங்கி நின்ற பெண்கள், எட்டுக் கால் முளைத்த படகைப் பார்த்துக் கைதட்டினார்கள். குலிசார் வாரை இழுத்துக் கட்டினால் மற்றவர் கையால் அவிழாது; அதனால் வழிநெடுக ஹெல்மெட்டோடுதான் நடந்தோம்.

நெரிமான் டீச்சர் வீட்டுக்குள் இல்லை. ஆற்றங்கரையில் முழுக்க நனைந்து, கையில் துணி காயப்போடும் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மேலிருந்து வரும் தண்ணீரையே பார்த்து நின்றார். பின்னாலிருந்து ருஸ்தெம் கூப்பிட்டதும் திரும்பினார். கயிறு கையிலிருந்து நழுவியது.

"தண்ணி கோட்டைத் தாண்டிடுச்சு. ஆத்துல வரலை. மன்னிச்சிடுங்க," என்றார் ருஸ்தெம்.

"அதுல மட்டும் வந்திருந்தீங்க, மூஞ்சியில கதவைச் சாத்தியிருப்பேன்," என்றார் டீச்சர். "காலையிலேர்ந்து எனக்கு உசுரே இல்லை."

(இங்கே முடித்திருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் நடந்தது இதோடு நிற்கவில்லை.)

பெண் கேட்டு வரும் மாப்பிள்ளையைச் சோதிக்க, எங்கள் ஊர் வழக்கப்படி உப்புப் போட்ட காப்பி வந்தது. ருஸ்தெம் முகம் சுளிக்காமல் குடித்தார். சுல்பியே அக்கா தொண்டையைச் செருமினார். "உன்னை யார்கிட்டம்மா கேக்கறது?"

"என்கிட்டயே கேளுங்க."

அக்கா கேட்டார்.

"ஆறு இறங்கட்டும்," என்றார் டீச்சர். "நானும் படகுல வரேன். பதிலை அங்க சொல்றேன்."

6

ஆறு இறங்கப் பதினோரு நாள் ஆனது. அந்த நாட்களில் ருஸ்தெம் தினமும் காலை ஒன்பதே காலுக்கு மடுவில் விழுந்தார். முதல் நாள் விழுவதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. கடைசி நாள் தன் கடிகாரத்தைப் பார்த்தபடியே விழுந்தார்.

பன்னிரண்டாம் நாள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இரண்டு முழம் தூண் தெரிந்தது. குலிசாரின் கூட்டாளி ஒற்றையாள் படகில் முன்னால் போனான். எங்கள் படகில் முன்வரிசையில் ருஸ்தெமும் டீச்சரும், அடுத்து அக்காவும் நானும், பின்னால் குலிசார். "துடுப்புல ரெண்டு கையும் இருக்கணும். பேனா பைக்குள்ள," என்று உத்தரவு. ஆகவே இனி வருவதற்கு என்னிடம் குறிப்பு ஏதும் இல்லை.

ஆற்றின் பெரிய சரிவில் படகோடு விழுந்தோம். ஒரு நொடி எல்லாமே வெள்ளை. அக்கா ஊருக்கே கேட்கும்படி அல்லாவைக் கூப்பிட்டார். வெளியே வந்தபோது எல்லோரும் படகில்தான் இருந்தோம். டீச்சர் ருஸ்தெமின் பக்கம் குனிந்து, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடிக்க, அவர் காதில் ஏதோ சொன்னார். தண்ணீர் இரைச்சலில் எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ருஸ்தெம் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினார். அது சந்தோஷத்திலா, பயத்திலா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. "ரெண்டு கையும் கீழ!" என்று கத்தினாள் குலிசார்.

அப்புறம் இருவரையும் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டார்கள். எனவே அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கமாக இருக்கட்டும். அடுத்த பாறை வருவதற்குள் டீச்சர் சொல்லி முடித்துவிட்டார்.