மதில் மேல் கிளி

சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடுகிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் வேண்டியது உட்கார ஓர் இடம். அதற்கென்றே பின்கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். கவிழ்த்த வாளியின் மேல் காலைத் தூக்கி வைத்து, கையில் டீயோடு உட்கார்ந்துவிட்டால், இருட்டுகிற வரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

பின்பக்கம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குழாய், ஒரு துணிக்கொடி, ஒரு செம்பருத்திச் செடி. பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. பழம் அவங்களுக்கு, குப்பை நமக்கு என்பாள். ஒரு கோடையில், உடைந்துபோன ட்ரேயைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் தண்ணீர் ஊற்றி மதில் ஓரமாக வைத்தாள். அன்றிலிருந்து பறவைகள் வர ஆரம்பித்தன.

பாதிப் பறவைகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவற்றுக்கும் அவளாக ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து வந்து எல்லாம் ஒரே நேரத்தில் பேசும், ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்காது. அவற்றுக்குப் பெயர் பஞ்சாயத்து. கொய்யாவின் அடியில் சருகைக் காலால் தள்ளித் தள்ளி நடக்கும் செம்போத்து, இன்ஸ்பெக்டர். ஒன்றை விட்டு ஒன்று தண்ணீர்கூடக் குடிக்காத இரண்டு கொண்டைக்குருவிகள், புதுசா கட்டிக்கிட்டவங்க.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். தெருவில் அவரை ஹாரன் என்பார்கள். அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை என்பதால் வந்த பெயர். குழந்தைகளை இறக்கிவிட்டு, வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருவார். அவள் காட்டுவாள், அவர் பார்ப்பார். "பஞ்சாயத்து கூடிடுச்சு பாருங்க" என்றால், "தீர்ப்பு எப்பவாம்?" என்பார். பெரிய பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் நாளில் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் மற்ற நேரத்தை இருவரும் ஓட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய தம்பி வருவான். டயர் கடை வைத்திருந்தான். மாமாவும் அவனும் கேரம் ஆடுவார்கள். மாமாவிடம் தோற்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம். அந்த வருஷம் அது திடீரென்று தலைகீழானது. ஒவ்வொரு வாரமும் அவன் ஜெயித்தான்.

"என்ன மாமா, கையைக் கொண்டுபோய் எங்க அடகு வச்சீங்க?"

"போர்டு வழுக்கல மாப்ளே. பவுடர் சரியில்ல."

"பவுடர் எனக்கும் அதேதான் மாமா."

தம்பிக்கு ஜெயித்த சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. மேஜை ஓரத்தில் டம்ளரை வைக்கும்போது அவர் முதலில் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்ததைக் கவனித்தாள். வயசாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முன்பைவிடச் சீக்கிரமாக வண்டியைக் கிளப்பினார். தெருவெல்லாம் நெரிசல் என்றார். அதையும் நம்பினாள்.

ஒரு நாள் மாலை செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கியது. "பாருங்க, பூவைவிடச் சின்னதா இருக்கு" என்றாள்.

"அடடா, என்ன நீலம்" என்றார் அவர்.

அது பெட்டை. மஞ்சள் வயிறும் மங்கிய முதுகுமாக இருந்தது. நீலமாக இருக்கும் ஆண் அன்றைக்கு வரவே இல்லை. தவறிச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டாள். ஆனால் அது செருப்பில் புகுந்த கல் மாதிரி உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் கடையில் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பெட்டியை அப்படியே வைத்துவிட்டாள். கூட வேலை செய்கிறவள் கருகும் வாசனை வருகிறது என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

அன்று மாலை இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். மதிலில் ஒன்றுமில்லை. காக்காய்கூட இல்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"மதில் மேல ஒரு கிளி உக்காந்திருக்கு பாருங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். கை போன திசையில் முகத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா. மூக்கு எவ்வளவு சிவப்பு பாரேன்."

அவள் டம்ளரை எடுத்தாள். தண்ணீர் ட்ரேயைத் தாண்டி வெறும் மதில், அதில் காரை பெயர்ந்த இடம், அதற்கு மேல் வானம். அவர் இன்னும் அந்த வெறும் மதிலைப் பார்த்து, அவளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் வேனின் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாம்."

"ஏன்? என்ன ஆச்சு உனக்கு?"

"நேத்து மதில்ல கிளியே இல்லைங்க."

அவர் அப்படியே நின்றார். சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "என்னை வச்சு விளையாடுறியா" என்று குரலை உயர்த்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, உடனே மூடியது. பிறகு அவர் குரலை இறக்கினார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கு. அவ்வளவுதான். இந்த ரோடு எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"ரோடு மனப்பாடம், சரி. குழந்தைங்க குறுக்க ஓடுறதும் மனப்பாடமா?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். சாவியை அவளிடம் கொடுக்கவும் இல்லை, அவள் எடுத்தபோது தடுக்கவும் இல்லை. அவள் தம்பிக்குப் போன் செய்தாள். கையில் கிரீஸோடு ஓடி வந்தவன் அக்கா முகத்தையும் மாமா முகத்தையும் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கேரத்தில் ஜெயித்ததெல்லாம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்று திரும்பி வந்து சாவியை மாட்டியவன் மாமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை.

அவர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார். மற்றபடி முன்னறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். மாலையில் பின்பக்கம் வரவில்லை. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. பஞ்சாயத்து கூடியது, கலைந்தது. தனியாகப் பார்க்கும்போது அவை வெறும் குருவிகளாக இருந்தன. ஏமாற்றிப் பிடித்தது தப்போ என்று அவளுக்கு இடையிடையே தோன்றியது. நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று யோசித்தாள். சொல்லியிருக்க மாட்டார்.

கண் மருத்துவமனைக்கு அவரைக் கிளப்ப, தம்பி வந்து மோட்டார் சைக்கிளில் ஏற வைக்க வேண்டியிருந்தது. அவள் பின்னாலேயே பஸ்ஸில் போனாள். அங்கே சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து இருந்தார்கள். கண் மூடியிருந்ததால்தானோ என்னவோ, அவர் அங்கேதான் பேசினார்.

"ஒரு வருஷமா இப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி போயிடும்."

கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார். "பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். வேகத்தடை வந்தா யார் முதல்ல கத்துறாங்கன்னு. சிக்னல் சிவப்பா இருந்தா ஒரு பக்கத்து ஆளுங்க கத்தணும், பச்சையா இருந்தா இன்னொரு பக்கம். நல்லாத்தான் போச்சு. முன் சீட்டுல ஒரு பொண்ணு உக்காரும். போன மாசம் அது இறங்கும்போது என் காதுகிட்ட வந்து, 'அங்கிள், நாளைக்கு எனக்கு லீவு, பார்த்து ஓட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவளுக்கு அவரை அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு கண்ணுலயும் புரை. எடுத்துடலாம். ஆனா இடது கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப் போயிருக்கு. அதுல போன பார்வை போனதுதான். வலது கண் நல்லா வரும்."

"வேன் ஓட்டலாமா?"

"பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேண்டாம். இதையே நீங்க முன்னாடி வந்து கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பிறகு, "நீ அந்தக் கிளியை ஒரு வருஷம் முன்னாடியே காட்டியிருக்கலாம்" என்றார். அவர் கோபம் தீர்ந்தது என்று அவளுக்கு அதில்தான் தெரிந்தது.

ஆப்பரேஷன் முடிந்து கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்ததும் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். வந்த அன்று நேராகப் பின்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் டீ கொண்டுவந்தபோது தவிட்டுக்குருவிகள் கொய்யாவின் அடியில் கத்திக்கொண்டிருந்தன.

"இதுதான் பஞ்சாயத்தா? கொஞ்ச நாளா எல்லாம் நிழலாத்தான் தெரிஞ்சுது. கண்ணு வெள்ளையா முழிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணும் சண்டைக்குன்னே பொறந்த மாதிரி இருக்கு."

"அதைத்தானே இவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடியைச் சற்று இறக்கிப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க கிளி பார்த்துக்கிட்டு இருந்தப்போ."

வாய்விட்டுச் சிரித்தார். குருவிகள் பறந்தன.

அடுத்து அவர் செய்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. குழந்தைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், பார்வை குறைந்த பிறகும் வண்டி ஓட்டினேன் என்று சொன்னார். உடம்பு சரியில்லை என்று தம்பி சொல்லி வைத்திருந்த சாக்கே போதும், வாயைத் திறக்காமல் இருங்கள் என்று அவள்தான் தடுத்துப் பார்த்தாள். "அந்த முன் சீட்டுப் பொண்ணுக்குத் தெரியும். அது பேசாம இருக்கும்போது நானும் பேசாம இருந்தா என்ன அர்த்தம்?" என்றார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு தகப்பன் தெருவில் நிற்க வைத்துத் திட்டினான். தலைகுனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். சில குழந்தைகள் வேறு வண்டிக்கு மாறின. முன் சீட்டுப் பெண்ணின் அம்மா மட்டும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "எங்க அப்பாவும் இப்படித்தான் மறைச்சாரு" என்றாளாம்.

வேன் நிற்கவில்லை. டயர் கடைக்கு வந்துபோகும் ஒரு பெண், சரக்கு வண்டி ஓட்டிப் பழகியவள், அதை எடுத்துக்கொண்டாள். அவர் கூடப் போகிறார். குழந்தைகளைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பதும் பையை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. முதல் வாரம் முழுக்க வீட்டுக்கு வந்து வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுகிற பெண் வளைவில் திருப்பும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை இவர் மிதித்துக்கொண்டே போகிறாராம்.

"அந்தப் பொண்ணு ஹாரன் அடிக்குது" என்றார். ஏதோ கெட்ட வார்த்தை பேசியதைச் சொல்வது போல.

"கேக்குறவங்க கேட்டு ஒதுங்குவாங்க. நல்லதுதானே."

"என்னமோ போ."

இடது கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து. இனி ஆயுளுக்கும் விட வேண்டும். அவரே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிகிறது. அதனால் மாலையில் டீ கொதிக்கும் நேரத்தில் அவள் விடுகிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, துளி விழுவதற்கு முன்பே முகத்தைச் சுளிக்கிறார். "ஊசியா போடுறேன்? ஆடாம இருங்க" என்று தாடையைப் பிடித்துக்கொள்கிறாள். விட்ட பிறகு கொஞ்ச நேரம் இரண்டு கண்ணையும் மூடியே இருக்க வேண்டும்.

"என்ன வந்திருக்கு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்.

"ஒரு மைனா. குழாய்கிட்ட நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. கொடியில உங்க சட்டை காயுது."

டீ பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடுகிறாள். அவர் கண்ணை மூடியபடியே ஸ்டூலில் உட்கார்ந்து, குழாய்ப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்.