வேண்டாம் என்று போட்ட ஓட்டு

ராய்ஸ் லெவாசர் வக்கீலாக இருந்தபோது அவரிடம் தட்டச்சு செய்தேன். மாநிலச் செனட்டரானபோது கூடவே தலைநகருக்குப் போனேன். கட்சியின் செனட் குழுவுக்குத் தலைவராகி அவர் மூலை அறைக்குக் குடியேறியபோது, அந்த அறை வாசலில் எனக்கும் ஒரு மேஜை கிடைத்தது. இருபத்தாறு வருஷம். அவரைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவரை மேலே ஏற்றிவிட்டது ஒரு தோற்ற வழக்கு. எங்கள் ஊர்க் காகித ஆலையில் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய அர்மான் திபோ நுரையீரல் கெட்டுச் செத்தான். அவன் மனைவி கிளாரிஸ் என்னோடு பள்ளியில் படித்தவள். ஆலையை விட்டு நின்ற மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்றது சட்டம். நோயோ பதினைந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. நீதிபதி பத்து நிமிஷத்தில் தள்ளுபடி செய்தார். இந்தச் சட்டத்தை மாற்றாமல் ஓயமாட்டேன் என்று ராய்ஸ் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று அழுதார். நிஜமான அழுகை, நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே, இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது தேர்தல் ஜெயித்தார். ஒன்பது தடவையும் கிளாரிஸ் வீடு வீடாக ஏறி அவருக்கு ஓட்டுக் கேட்டாள்.

அந்தச் சட்டத்தை மாற்றும் மசோதா மட்டும் வருஷா வருஷம் ஏதாவது ஒரு குழுவில் படுத்துத் தூங்கியது. கடைசியில் கிளாரிஸுக்கே இருமல் வந்தது. புருஷனின் தூசி படிந்த உடுப்புகளை இருபது வருஷம் துவைத்தவள். ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். பழைய சட்டப்படி அவளுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அதைக் கேட்டு வெட்கப்பட்டோ என்னவோ, ராய்ஸ் அந்த மார்ச்சில் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

முப்பத்தைந்து பேர் கொண்ட சபை. எங்களுக்கு ஓட்டுப் போட வேண்டிய பெர்ரின் பனிப்புயலில் வழியில் மாட்டிக்கொண்டார். பலகையில் பதினேழுக்குப் பதினேழு. சமம் என்றால் தோல்வி. இப்படிப்பட்ட நேரத்துக்கு எங்களிடம் ஒரு வித்தை உண்டு. ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் மறுநாள் எழுந்து மறு ஓட்டெடுப்புக் கேட்கலாம். அதனால் கட்சிக் குழுத் தலைவர் கடைசி நொடியில் தன் மசோதாவுக்கே எதிராக மாறிக்கொள்வார். சுவரோரம் நின்ற நான்தான் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். ராய்ஸ் ஓட்டை மாற்றினார்.

பார்வையாளர் மேல்மாடத்தில் கிளாரிஸின் முகம் வெளிறிப்போனது. ஓடினேன்.

"பயப்படாதடி. இது சும்மா ஒரு வழிமுறை. நாளைக்கு பெர்ரின் வந்துடுவாரு. ராய்ஸ் எழுந்து ஒரு வார்த்தை கேட்டா போதும், ஜெயிச்சுடும்."

"வார்த்தைதானே? அதுக்கா அவர்கிட்ட பஞ்சம்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் பெர்ரின் வந்துவிட்டார். ஆனால் அவருக்கு முன்பே எங்கள் கட்சி செனட்டர்கள் மூன்று பேர் மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முந்தின நாள் மசோதாவை ஆதரித்தவர்கள்தான். தோற்கிற மசோதாவை ஆதரித்தால் ஊரில் நல்ல பேர். ஜெயித்துத் தொலைத்தால் ஆலைக்காரர்கள் நவம்பர் தேர்தலில் எங்களை ஒழித்துவிடுவார்கள், பெரும்பான்மை போகும், உங்கள் தலைமையும் போகும் என்று எடுத்துச் சொன்னார்களாம்.

மணி பத்தரைக்குச் சபைத் தலைவர், மறு ஓட்டெடுப்புக் கேட்க வேண்டிய இடத்தில் சற்று நிறுத்தி ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபை அடுத்த காரியத்துக்குப் போனது. கேட்பதற்கு அந்த ஒரு நாள்தான் கெடு. மசோதா அத்தோடு முடிந்தது.

அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் நார்மா. பதவி இருந்தாத்தானே எதையும் செய்ய முடியும்?"

"அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

அவர் ஃபைலைப் பிரித்துக்கொண்டார். நான் வேலையை விட்டிருக்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது. விடவில்லை.

கிளாரிஸ் ஓட்டுப் பட்டியலின் நகலை வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாள். எதிர்த்தவர்களில் லெவாசர் என்ற பெயர் இருந்தது. அது மனசார எதிர்த்துப் போட்டதில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

"சரிடி, நம்புறேன். அவரு இந்த மசோதா வேணும்னு போட்ட ஓட்டு எங்க இருக்கு? அதைக் காட்டு."

பதினெட்டு வருஷத்தில் அந்த மசோதா ஓட்டுக்கு வந்ததே ஒரு தடவைதான்.

இலையுதிர்காலத்தில், மசோதாவை எதிர்த்தவர்களுக்கெல்லாம் ஆலை முதலாளிகள் சங்கத்திடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ராய்ஸுக்கும் வந்தது. கூனிக் குறுகிப் போவார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு தடவை படித்துவிட்டு, "தொழிலாளியும் முதலாளியும் நம்பும் தலைவர்" என்று தேர்தல் துண்டறிக்கையில் போடச் சொன்னார். கடிதத்திலிருந்து இரண்டு வரியும் எடுத்துக் கொடுத்தார்.

அச்சாகி வந்ததை உறைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். கிளாரிஸ் அப்போது படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். அவள் பெயரை மட்டும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டேன். ராய்ஸ் வந்து நின்று விலாசப் பட்டியலைப் புரட்டினார்.

"கிளாரிஸ் பேரைக் காணோமே? விட்டுப்போச்சா? அனுப்பு நார்மா. பாவம், மனசு கஷ்டப்படும். ஆரம்பத்துலேர்ந்து நம்ம ஆளு."

கேலி இல்லை, அக்கறையோடுதான் சொன்னார். நான் சரி என்றேன். உறையை எடுத்து அவள் விலாசத்தை என் கையாலேயே எழுதினேன்.