காற்றை இறக்கியவர்

டயர் கடை நடத்தும் அம்மாவுக்கு,

மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, உங்கள் கடையில் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பெரியவர் நான். தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்த கறுப்புக் கார், அதை ஓட்டி வந்த ஒல்லியான மாப்பிள்ளை, எதிரே இருக்கும் மருத்துவமனையிலிருந்து சாலையைக் கடந்து வந்து சத்தம் போடாமலே சண்டை போட்ட என் மகள். இவ்வளவு சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அன்று நீங்கள் பார்த்தது அரைமணி நேரம்தான். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே எனக்கு இரண்டு உபகாரம் செய்திருக்கிறீர்கள். விவரத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு நன்றி சொல்வதுதான் முறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். "ஆறு வாரம் உடம்பு குலுங்கவே கூடாது" என்றார் மருத்துவர். அப்படிச் சொன்னவரே, வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை வந்து காட்டச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். முதல் வாரம் வாடகைக் காரில் போனோம். அந்த ஓட்டுநர் ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டியதைப் பார்த்து எங்கள் மாப்பிள்ளை கொதித்துப்போய், "இனிமே அத்தைய நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டார். தன் கடைக்கு அரைநாள் விடுப்பு. மனசு தங்கம். கார்தான் இரும்பு.

மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். நாள் முழுக்க ஒரு சின்ன மேஜையில் குனிந்து, மெழுகில் பற்களைப் பதித்துக்கொண்டிருக்கிற வேலை. அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது, இந்தக் காரைத் தவிர. காரோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கட்டையான ஸ்பிரிங் போட்டு நாலு விரற்கடை இறக்கி, சக்கரத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் டயரை மெல்லிசாக மாட்டியிருந்தார். பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் சாலையில் கிடக்கும் தீக்குச்சியைக்கூட இடுப்பாலேயே எண்ணிவிடலாம்.

என் மனைவி நன்றாக இருந்த காலத்திலேயே அதைப் பற்றி ஒரு நியாயம் சொல்வாள். "ஏறுறவங்க பல்லெல்லாம் ஆடணும், அப்புறம் இவரே செட் கட்டிக் கொடுக்கணும். நல்ல வியாபாரம்தான் மாப்பிள்ளை!" அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டாம் வாரம் அந்தக் காரில் போனபோது யாரும் சிரிக்கவில்லை. முன் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, மாடு நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். அப்படியும் ஒவ்வொரு தார் வெடிப்பிலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் "ஐயோ" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் என் மகள் கணவரைப் பார்த்து, "இன்னொரு தடவ அம்மா வாயிலேர்ந்து ஐயோன்னு வந்தா, இந்தக் கார் இந்த வீட்டு வாசல்ல நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை முகம் விழுந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை.

இனி என் பங்கு.

நான் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவன். அதில் பாதிக் காலம் சைக்கிளில்தான். பின்னால் ஆளை ஏற்றும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஆசனம் மெத்தென்று இருக்கும் என்பது எனக்கு அனுபவம். மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் கருவிப் பெட்டியிலிருந்த காற்றழுத்தமானியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நாலு டயரிலும் முப்பத்து மூன்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, நாலிலும் இருபத்திரண்டு ஆக்கினேன். கூடக் குறைய இல்லாமல், மூன்று முறை சரிபார்த்து, மூடிகளையும் இறுக்கித் திருகிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள். தவிர, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு மெதுவாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தது. இதை மறைப்பானேன்.

"ஸ்டியரிங் கொஞ்சம் கனமா இருக்கே" என்று மாப்பிள்ளை தெருமுனையிலேயே சொன்னார். நான் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தேன். முன் இருக்கையில் மனைவி, "இன்னிக்குப் பரவாயில்லயே" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

மருத்துவமனைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பள்ளம் வந்தது. குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மேலாக மண்ணைத் தள்ளியிருந்தார்கள். என் பழைய இலாகாவின் கைவேலை, பார்த்தாலே தெரியும். மேலே தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. இடது முன்சக்கரம் இறங்கிய சத்தம் காரில் கேட்கவில்லை, என் பல்லில் கேட்டது. மனைவி "ஐயோ" என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அதுதான் எங்கள் எல்லோரையும் கலக்கிவிட்டது.

அவளைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனார்கள். மகள் கூடவே போனாள். பள்ளத்துக்கு அப்புறம் ஸ்டியரிங் ஆடியதால் மாப்பிள்ளை என்னையும் ஏற்றிக்கொண்டு எதிரே இருந்த உங்கள் கடைக்கு வந்தார்.

இங்கிருந்து உங்களுக்கே தெரியும். ஆனாலும் அன்று என் கண்ணுக்குப் பட்டதை எழுதுகிறேன். ஜாக்கி அடியில் நுழையாததைப் பார்த்து, "ஏன் தம்பி, இத வீட்டுல விடும்போது கேட்டைத் தொறப்பியா, இல்ல அடியிலயே நுழைச்சிடுவியா?" என்று கேட்டீர்கள். அந்தக் கவலையிலும் அவர் சிரித்தார். இரண்டு பலகையைப் போட்டுச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, பிறகு தூக்கினீர்கள். டயரின் வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணும் இல்லக்கா, அலைன்மென்ட்தான் போயிருக்கும். அத மட்டும் பாத்து விடுங்க, அத்தைய கூட்டிட்டுக் கிளம்பணும்" என்றார் மாப்பிள்ளை. நீங்கள் கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி உருட்டி, உள்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல அங்கே ஒரு புடைப்பு.

"பள்ளத்து விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல சிக்கி நசுங்கியிருக்கு. உள்ள இருக்கற நூலு அறுந்துபோச்சு தம்பி. இப்ப வெறும் ரப்பர்தான் காத்தத் தாங்கிட்டிருக்கு. பைபாஸ்ல வேகம் பிடிச்சிருந்தா அங்கயே வெடிச்சிருக்கும்."

இது முதல் உபகாரம். பத்தில் ஒன்பது பேர் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்களை அனுப்பியிருப்பார்கள்.

பிறகு மற்ற டயர்களை அளந்தீர்கள். "இருபத்தி நாலு" என்றீர்கள். என் வாய் சும்மா இருந்ததா? "இருபத்திரண்டு" என்றேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம். தப்பான எண் காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க முடியாது.

"ஓடி வந்த டயர் ஐயா. சூட்டுல ரெண்டு கூடத்தான் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்த நீங்கள், பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மகள் வந்தாள். எக்ஸ்ரேயில் திருகாணிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பயமில்லை என்ற செய்தியைச் சொல்லிவிட்டு, புடைப்பைப் பார்த்து, "இது எப்படி ஆச்சு?" என்றாள்.

"காத்து ரொம்பக் கம்மியா இருந்திருக்கும்மா. சரியா இருந்திருந்தா இவ்வளவு அடி வாங்கியிருக்காது" என்றீர்கள்.

"யாரு கம்மி பண்ணினது?"

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை. "அத்தைக்கு மெத்துன்னு இருக்கும்னு நெனச்சேன்."

"கார வித்துடுங்க."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. நான் பேசியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதலாம், ஆனால் உண்மை அதுவல்ல. பயம். மகள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயம்.

நீங்கள் முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டு நகராமல், மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றீர்கள், நான் குடித்து முடிக்கும்வரை. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. எல்லாம் புரிந்த பிறகும் ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. இது இரண்டாவது உபகாரம். ஆனால் கிளம்பும்போது நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

வேறு டயர் மாட்டி, நாலிலும் சரியான காற்றோடு கிளம்பினோம். வேகம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடி பைபாஸை விட்டு ஊருக்குள்ளேயே போனோம். கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி, "காலைல வரும்போது பள்ளம் வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பழையபடி இடிக்குதே" என்றாள்.

"காலைல உங்க மாப்பிள்ளை காத்த எறக்கி வச்சிருந்தாரும்மா. உனக்கு மெத்துன்னு இருக்கணுமாம்" என்றாள் மகள், பின் இருக்கையிலிருந்து.

மனைவி மெதுவாகக் கையை நீட்டி மாப்பிள்ளையின் தோளைத் தொட்டாள். "எனக்காகவா? கட்டின புருஷனுக்குக்கூட இப்படி ஒரு யோசனை தோணலயே."

அம்மா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் திட்டை அவர் வாங்கிக்கொண்டபோது பொறுத்துக்கொண்டவன் நான். என் பாராட்டையும் அவரே வாங்கிக்கொண்டபோது பொறுக்க முடியவில்லை.

"ஓரமா நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றேன். நிறுத்தினார். "காத்த எறக்கினது நான். மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. கடையில என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு. கார விக்கச் சொன்ன சொல்ல நீ திரும்ப வாங்கிக்கம்மா."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்றாள். ஆறு வாரத்தில் நாங்கள் கேட்ட நல்ல "ஐயோ" அது ஒன்றுதான்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"மாமா நாலு டயர்லயும் ஒரே அளவு வச்சிருந்தாரு பாரு. அவ்வளவு அக்கறையா யாரும் தப்பு பண்ணிப் பார்த்ததில்ல. காட்டிக் கொடுக்க மனசு வரல" என்றார் அவர்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் விற்பனைப் பேச்சு அத்தோடு முடிந்தது. என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தானாகவே பழைய ஸ்பிரிங்கையும் பழைய சக்கரங்களையும் பரணிலிருந்து இறக்கி, எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்ட வைத்தார். அவருடைய நண்பர்கள் வந்து பார்த்து, "என்னடா, காருக்குச் செருப்பு வாங்கிப் போட்டுட்டியா?" என்று கிண்டல் செய்தார்கள். "அத்தை எழுந்து நடக்கற வரைக்கும் போட்டிருக்கட்டும்" என்றார். எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தாலும் இதைவிட என்ன செய்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நேற்று ஆறாவது செவ்வாய்க்கிழமை. இனிமேல் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திரும்பும்போது உங்கள் கடையில் இறங்கி நேரில் நன்றி சொல்வதாகத்தான் திட்டம். நீங்கள் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் கவனித்தோம், என் மனைவி தூங்கிவிட்டிருந்தாள். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும், அந்தக் காரில் அவள் கண்ணயர்ந்தது அதுதான் முதல் தடவை. எழுப்ப எங்கள் மூன்று பேருக்கும் மனம் வரவில்லை. அதனால் நிற்காமல் வந்துவிட்டோம், ஹாரன்கூட அடிக்கவில்லை.

இப்படிக்கு,
இருபத்திரண்டு என்று சொன்னவர்